வெள்ளிக்கிழமையின் நகல்

இந்த இயந்திரங்கள்தான் எவ்வளவு நல்லவை! நில் என்றால் நிற்கின்றன. ஏன் என்று கேட்பதில்லை. என்னை மட்டும் எதற்கு முதலில் நிறுத்தினாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை.

இளைய மருமகள் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் புகுந்த வீட்டைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்வது தப்பாகவும் இருக்காது. ஆகவே சனிக்கிழமைக் காலைகளில், சர்வர் அறையின் குளிரில், சால்வையை இழுத்துப் போர்த்தியபடி தனக்குத்தானே நினைத்துக்கொள்வதோடு சரி.

அது பெயருக்குத்தான் சர்வர் அறை. அந்த மெத்தைத் தொழிற்சாலையில் பகலிலும் இரவிலும் குளிரூட்டியிருக்கும் ஒரே அறை அது என்பதால், வெயில் பட்டால் தொய்ந்துபோகும் நுரைத் தலையணை மாதிரிகளையும் அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். கம்பெனியின் மூளை ஒரு பக்கம், தலையணைகள் ஒரு பக்கம். இரண்டுக்கும் சேர்த்து இரண்டு சாவிகள். ஒன்று அவளிடம், மற்றது தலையணைகளின் பொருட்டு மூத்தவரிடம்.

மூத்தவர் என்றால் அவள் கணவனின் அண்ணன், உற்பத்திப் பிரிவின் தலைவர்.

வருஷத்துக்கு எத்தனை மெத்தை செய்வது, எந்தப் பிரிவுக்கு என்ன பட்ஜெட், யார் போட்ட திட்டத்துக்கு யார் ஒப்புதல் தருவது என்பதெல்லாம் அந்த அறையின் பெட்டிகளுக்குள் ஓடும் பிளானிங் சிஸ்டத்தில் இருந்தது. ஊர் உலகமெல்லாம் இப்போது இப்படிப்பட்டவற்றை வேறு எங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறது. மாமியார் மட்டும் மசியவில்லை. "நம்ம கணக்கு நம்ம கூரைக்குக் கீழதான் இருக்கணும். அடுத்தவன் வீட்டு அலமாரியில என் துணியை வெப்பேனா?" என்று கேட்டுவிட்டார். அதனால் பெட்டிகள் இங்கேயே. அவற்றை வாரம் ஒருமுறை நிறுத்தி, முழுசாக நகல் எடுத்துவைக்கும் வேலை இளைய மருமகளுக்கு.

இந்த வாரத்து நகல் சாதாரண நகல் இல்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை அந்தக் குடும்பம் இன்னும் முழுதாக விழுங்கி முடிக்கவில்லை.

ஒற்றைத் தையல் இயந்திரத்தில் மெத்தை உறை தைக்கத் தொடங்கி இவ்வளவையும் கட்டியெழுப்பிய மாமியார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் தலைவர் பொறுப்பிலிருந்து இறங்கினார். அதற்கு முன், ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் அடுத்த வருஷத் திட்டத்தை எல்லோர் முன்னிலையிலும் சிஸ்டத்தில் போட வேண்டும் என்றார். தான் ஒப்புதல் கொடுத்துவிட்டால் பிறகு மாற்றம் கிடையாது என்றும் சொன்னார். மூத்தவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார், தொண்டையைச் செருமினார், இந்த வருஷத்தைப்போல இரண்டு மடங்கு மெத்தை என்று அடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாமியார் ஒப்புதல் கொடுத்தார். அதுவே அவர் கொடுத்த கடைசி ஒப்புதல். உடனே பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைய மருமகளைப் பார்த்து, "என் உரிமையை எடுத்துப் பெரியவனுக்குக் கொடுத்துடும்மா" என்றார். அவள் கொடுத்தாள். கேக் வெட்டினார்கள். மாமியார் மட்டும் கேக்கைத் தொடவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் அந்தத் திட்டங்களைத் திரையில் போட்டு, புதிய நிர்வாகம் தொடங்க வேண்டும். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் கையில் ஒரு நகல் வேண்டும், ஒரு பிசிறும் இல்லாத நகல்.

நகல் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. சிஸ்டம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எண்கள் ஓரிடம். எந்தப் பிரிவு எதன் கீழ் வருகிறது என்ற கிளைப்படம் ஓரிடம். யார் யாருக்கு ஒப்புதல் தர வேண்டும் என்ற விதிகள் அதே இடத்தின் இன்னொரு மூலையில். எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பிடிக்க வேண்டும். அதற்கு முதலில் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் வெளியே வர வேண்டும்.

இந்தக் கம்பெனியில் யாரும் வெளியே வருவதில்லை. தன் பட்ஜெட் தாளைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் வேறு யாரும் அதில் கைவைக்க முடியாது என்பதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து, எல்லோரும் பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோலத் தாளைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவராகப் போனில் பிடித்து, கெஞ்சி, எழுப்பிவிட்டதில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு தாள். அது அவள் கணவனுடையது.

அவன் தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவன். தயாரான மெத்தைகளில் படுத்துப் பார்ப்பது அவன் வேலை. அதை அவன் பொறுப்புணர்ச்சி சற்றும் குறையாமல் செய்துவந்தான். அவள் போய்ப் பார்த்தபோது பரிசோதனைக் கூடத்தில், ஒரு கை மெத்தைக்கு வெளியே தொங்க, பொறுப்பில் ஆழ்ந்திருந்தான்.

"என்னங்க, உங்க தாளை மூடுங்க. பேக்கப் எடுக்கணும்."

"நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன். நீ பாட்டுக்கு எடு."

"அப்படி எடுக்கக் கூடாது. குடும்ப போட்டோ எடுக்கிற மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்துல அசையாம நிக்கணும்."

"நான் அசையவே இல்லையே. ரெண்டு மணி நேரமா அப்படியேதான் இருக்கேன்."

அவளே அவன் கம்ப்யூட்டரில் தாளை மூடினாள். திரும்பி வந்து, சிஸ்டத்தை ஓட்டும் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். முதலில் மனிதர்கள் நுழையும் வாசல், பிறகு கணக்குப் போடும் பகுதி, கடைசியில் எண்கள் உறங்கும் இடம். மின்விசிறிகள் மட்டும் உறுமிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படியே, கைதட்டலின் சூடு ஆறாமல், ஒரு வன்வட்டுக்குள் இறங்கியது. சரிபார்த்தாள். வட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். சேவைகளைத் திரும்ப எழுப்புவதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கேன்டீனுக்குப் போனாள்.

அந்த ஒரு டீதான் வினையானது.

திரும்பி வந்து எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் எழுப்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. மேசைத் தொலைபேசி அடித்தது. கேன்டீன் சமையல்காரர்.

"மேடம், நான்தான். இப்பத்தானே இங்கேருந்து போனீங்க, ஒரு வார்த்தை சொல்லலியே?"

"என்ன சொல்லலை?"

"அடுத்த வருஷம் நான் மெத்தை செய்யணும்னு. அதுவும் இந்த வருஷத்தைவிட ரெண்டு மடங்காம். எந்த அடுப்புல மேடம் ஏத்துறது?"

அவள் திரையைத் திறந்தாள். கேன்டீனின் கீழே மெத்தைகள் மலைபோல இருந்தன. உற்பத்திப் பிரிவுக்கு அடுத்த வருஷ இலக்காக டீத்தூளும் பாத்திரம் துலக்கும் பொடியும் வந்திருந்தன. பரிசோதனைக் கூடம் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தாக வேண்டியிருந்தது. மாதத் தொடக்கத்தில் பிரிவுகளை மாற்றி அடுக்கியதற்கு முந்தைய கிளைப்படம் அது. எண்கள் நேற்றையவை, அவை உட்கார்ந்திருந்த நாற்காலிகள் போன மாதத்தவை.

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கதவு மெல்லத் திறந்தது. ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி மூத்தவர் நின்றார்.

"தலையணை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"கையில இருக்கே அத்தான்."

"ஆமால்ல." அவர் போகவில்லை. "அம்மாடி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் ஒண்ணும் பண்ணலை."

"சரி."

"கொஞ்சம்தான் பண்ணேன்."

தலையணைக் கட்டின்மேல் உட்கார்ந்து அவர் சொன்னதன் சாரம் இதுதான். அவள் எடுக்கும் நகலை நம்பாமல் இல்லை, ஆனால் ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று அவரும் மாதா மாதம் ஒரு நகல் எடுத்துவந்திருக்கிறார். நகல் என்றால் சர்வரைத் திறந்து, இருப்பதிலேயே பெரியதாகத் தெரிந்த ஃபோல்டரைத் தன் பென் டிரைவில் போட்டுக்கொள்வது. இன்று காலை அவள் டீ குடிக்கப் போனதைப் பார்த்து, போன மாதத்து ஃபோல்டரை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்.

"எதுக்கு அத்தான்?"

"அந்த ரெண்டு மடங்கு." அவர் குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது. "எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்களா, ஒரு வேகத்துல அடிச்சுட்டேன். ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. நம்ம மெத்தையிலேயே நமக்குத் தூக்கம் வரலைன்னா பார்த்துக்கோ. பழசை ஒட்டினா அந்த நம்பர் போயிடும்னு நெனச்சேன்."

"நம்பர் வேற இடத்துல இருக்கு, அது போகலை. மத்ததெல்லாம் போயிடுச்சு."

"அதான் கேன்டீன்காரர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிச்சாரா?"

சிரிப்பு அவளுக்கும்தான் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவர் அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு நெருங்கி வந்தார்.

"உன் காப்பிதான் இருக்கே. அதைப் போட்டுடு. என் நம்பரை மட்டும் கழிச்சுட்டுப் போடு. யாராவது கேட்டா மிஷின் முழுங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். அது என்ன வாயைத் திறந்து இல்லேன்னு சொல்லப்போகுதா?"

"அப்படிப் பண்ண சிஸ்டம் விடாது அத்தான்."

"விடாதா?"

"விடாது."

அவர் பெருமூச்சு விட்டார். கோபிக்கவில்லை, வற்புறுத்தவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்தினாள். சொன்னது பொய். நகலை முழுசாகத்தான் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் போட்ட பிறகு எந்த எண்ணையும் மாற்ற அவளால் முடியும். சிஸ்டத்துக்குள் கதவின் சாவி, கல்லாவின் சாவி, எல்லாச் சாவியும் அவளிடம்தான். விடாதது சிஸ்டம் இல்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். போக விருப்பமில்லாத கல்யாணத்துக்கு மழை குறுக்கே வந்தது. வேண்டாத பலகாரத்தை டாக்டர் தடுத்தார். அலுவலகத்தில் சிஸ்டம் விடவில்லை. அவள் வாயால் ஒருவரையும் தடுத்ததில்லை. தங்கமான பெண் என்ற பெயர் அதனால் வந்ததுதான். அந்தப் பெயரை நினைக்கும்போது, தனக்குப் பதிலாக ஊரெல்லாம் வேறு யார் யாரோ இல்லை என்று சொல்லிக்கொண்டு அலைவதுபோல அவளுக்கு இருந்தது. அப்படியென்றால் நடுவில் இருக்கும் நான் யார்?

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை கணவன். கன்னத்தில் மெத்தைத் தையலின் தடம்.

"அண்ணன் சொன்னார். எல்லாம் கலந்துடுச்சாமே? பழசை எடுத்துப் போடப்போறியா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் இருக்கிறதைப் போட்டா போதாதா? சாயங்காலத்துக்குப் போகணுமா?"

"ஏன், சாயங்காலம் என்ன?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எல்லாரும் எழுதறாங்களேன்னு நானும் எழுதினேன். அதையெல்லாம் திங்கட்கிழமை திரையில போடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன எழுதினீங்க?"

"அண்ணன் ரெண்டு மடங்கு மெத்தை செய்யறதா இருந்தா நான் ரெண்டு மடங்கு படுக்கணும், அதுக்கு உடம்பு தாங்காதுன்னு."

இந்த முறை அவளால் அடக்க முடியவில்லை. அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, "அந்த ஒரு வரியை மட்டும்..." என்றான்.

"சிஸ்டம் விடாதுங்க."

"அப்போ சரி. சிஸ்டமே விடலைன்னா நீ என்ன பண்ணுவே, பாவம்" என்று அவள் தலையில் தட்டிவிட்டுப் போனான்.

பாவம் என்ற அந்தச் சொல் அறைக்குள்ளேயே நின்றது.

கைப்பையிலிருந்து வட்டை எடுத்தாள். மேசையில் வைத்தாள். அப்போதுதான் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று, தரையை நம்பி நடக்கும் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம், இன்று கேட்டிருக்கக் கூடாத சத்தம்.

மாமியார் வந்தார். ஓய்வின் முதல் நாளில் இருக்க வேண்டியவர், அலுவலக உடுப்பில், கைக்கடிகாரம் கட்டி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி வந்தார். கையிலிருந்த போன் குருவிபோலக் கத்தியது. எடுத்துப் பார்த்தார், எதையோ யோசித்தார், விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"சரக்கு வண்டி டயர். கொடுத்துட்டேன்" என்றார்.

அவளுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. கிளைப்படத்தோடு ஒப்புதல் விதிகளும் போன மாதத்துக்கே போயிருந்தன. அதனால் நேற்று ஒப்புக்கொண்டவையும் இன்று புதிதாகக் கேட்பவையும் ஒப்புதலுக்குக் காத்து நின்றன. எல்லாம் போய் விழுந்தது பழைய தலைவரின் போனில்.

"ஆரம்பிச்சதுலேருந்து ஓயலை" என்றார் மாமியார். குறை சொல்லும் குரல் இல்லை அது. தலையணைக் கட்டில் உட்கார்ந்தார். "யார் பண்ணின வேலை?"

அவள் மேசைமேல் இருந்த வட்டை நகர்த்திவைத்தாள்.

"சொல்லாதே. பெரியவன் தலையணையும் கையுமா எதிர்ல வந்தான். பத்து வயசுல ஜன்னலை உடைச்சப்பவும் இதே முழிதான்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். "கேன்டீன்காரர்கிட்ட மெத்தை கேக்குது. தப்புன்னு பார்த்தவுடனே தெரிஞ்சுது. நேத்து எப்படி இருந்துதோ அப்படியே போட்டுடு."

"அதான் அத்தை பண்ணப்போறேன்."

"உம்." போன் கத்தியது. அதை அவர் இந்த முறை எடுக்கவில்லை. உள்ளங்கையால் மூடிக்கொண்டார். "என்னோட ஒண்ணை மட்டும் விட்டுடு."

"எது அத்தை?"

"இது எனக்கே வரட்டும்."

மின்விசிறிகள் உறுமின. மாமியார் அவளைப் பார்க்கவில்லை. அடுக்கியிருந்த தலையணைகளைப் பார்த்துப் பேசினார்.

"காலையில எழுந்தேன். குளிச்சேன். சாப்பாட்டு மேசையில உக்காந்தேன். யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை. மரியாதை குறைஞ்சு இல்லை, ரொம்ப மரியாதையாத்தான் கேக்கலை. பேப்பர்ல இருந்த விளம்பரத்தை எல்லாம் படிச்சேன். யாரோ பழைய சோபா விக்கறாங்க, அதுக்கு என்ன விலை கொடுக்கலாம்னு யோசிச்சேன். அப்புறம் இது கத்துச்சு." கொஞ்சம் சிரித்தார். "நான் எழுந்த வேகத்தை நீ பார்த்திருந்தா பயந்திருப்பே."

இளைய மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்ந்துபோன விரல் நுனிகள். இந்தக் கம்பெனியில் முதல் உறையைத் தைத்த விரல்கள்.

சிஸ்டம் விடாது அத்தை. வாய் அந்த வார்த்தைகளைத் தயாராகவே வைத்திருந்தது. சொன்னால் மாமியார் தலையாட்டிவிட்டு எழுந்துபோவார். பழியைப் பெட்டிகள் ஏற்கும். யாருக்கும் யார்மேலும் வருத்தம் வராது. ஒரே ஒரு வாக்கியம்.

அது வாயைவிட்டு வரவில்லை. மூத்தவரிடம் சொன்னபோது அது சின்னப் பொய். கணவனிடம் சொன்னபோது வேடிக்கைகூட. இவரிடம், இப்படித் தன்னைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேச அவளுக்குக் கூசியது.

"பண்ணலாம் அத்தை" என்றாள். "என்னால முடியும்."

"தெரியுமே. நேத்து என் பக்கத்துல உக்காந்து எடுத்தது நீதானே."

"ஆனா நான் பண்ணமாட்டேன்."

மாமியார் திரும்பினார். வெகுநாளைக்குப் பிறகு யாரோ தன்னிடம் ஒரு சரியான கேள்வி கேட்டதுபோல அவளைப் பார்த்தார்.

"ஏன்?"

"அத்தானும் வந்து ஒண்ணு கேட்டார். உங்க சின்ன மகனும் கேட்டார். ஆளுக்கு ஒண்ணா உருவிட்டா, திங்கட்கிழமை திரையில வர்றது நேத்து நடந்ததா இருக்காது. எனக்குப் பிடிச்சவங்களுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் இந்த ரூமுக்குள்ள இருக்கிற எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. என்னையும் சேர்த்துத்தான்."

"நான் கேக்கறதும் அவங்க கேக்கறதும் ஒண்ணா?"

"இல்லை. நீங்க கேக்கறது நியாயம்கூட இருக்கலாம். அப்படின்னா திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் கேளுங்க. சரின்னு சொன்னாங்கன்னா அந்த நிமிஷமே நான் மாத்தித் தரேன்."

"நான் பெத்தவன்கிட்ட நான் போய்க் கேக்கணும்."

"ஆமா அத்தை."

மாமியாரின் முகம் சிவந்தது. தொழிற்சாலை முழுக்க அந்தச் சிவப்பைக் கண்டு நடுங்கும். ஆனால் இளைய மருமகளுக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

"தங்கமான பொண்ணுன்னு சொன்னாங்க உன்னை" என்றார் மாமியார் கடைசியில்.

"யாரு?"

"நான்தான்." எழுந்து உடுப்பை நீவிக்கொண்டார். "திங்கட்கிழமை கூட்டத்துக்கு நான் வருவேன். ஓய்வு வாங்கினவங்க வரக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லை. நாற்காலி போட்டு வெக்கறேன்."

"முன் வரிசையில போடு. அன்னிக்கு நான் என்ன கேப்பேன்னு எனக்கே தெரியாது."

அவள் தலையாட்டினாள். சேவைகளை நிறுத்தும் திரையைத் திறந்தாள். நிறுத்தி, நேற்றையதை ஏற்றி, மறுபடி எழுப்பினால் மத்தியானத்துக்குள் கேன்டீன் டீ போடும், உற்பத்திப் பிரிவு மெத்தை செய்யும், ஒப்புதல்கள் எல்லாம் மூத்தவரின் போனில் போய் விழும். விரல் விசையின்மேல் இருந்தது.

வாசல்வரை போய்விட்ட மாமியாரின் கையில் போன் மறுபடியும் கத்தியது. அவர் நின்றார். படித்தார். திரும்பியபோது அந்த முகத்தில் சிவப்பு இல்லை, அதிகாரம் இல்லை. கடையை மூடும் நேரத்தில் வந்து நிற்பவரின் முகம் அது.

"வாட்ச்மேன் குடை கேக்கறார்" என்றார். "பழசு கிழிஞ்சுடுச்சாம். இது ஒண்ணே ஒண்ணு. இதை மட்டும் கொடுத்துடறேன், அப்புறம் நிறுத்திக்கோ. ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டியா?"

ஒரு குடை. அதனால் யார் குடி முழுகிவிடும்? மாமியாரின் கட்டைவிரல் திரைக்கு மேலே, தொடாமல், அவளுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

இதைவிடப் பெரியதற்கெல்லாம் இல்லை என்று சொல்வது எத்தனை சுலபமாக இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"வேண்டாம் அத்தை" என்றாள், மெதுவாக.